காற்றாலை எவ்வளவு தரும்? காற்றும் இறக்கையும் சொல்லும் கணக்கு

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய வட்டாரங்களில் வயலுக்கும் மானாவாரி நிலத்துக்கும் நடுவே காற்றாலைகள் சுழல்வது இன்று பழகிப்போன காட்சியாகும். காற்றாலை சிறு விவசாயியின் வீட்டு வாசலுக்கு இரண்டு வழிகளில் வருகிறது. "காற்றாலை நிறுவ உங்கள் புன்செய் நிலத்தைத் தாருங்கள்" என்று கேட்டு வருபவர்கள் ஒரு புறம். "ஒரு கிலோவாட் காற்றாலை; ஒரு முறை பணம் போட்டால் போதும்" என்று விற்க வருபவர்கள் மறு புறம். இருவரிடமும் பேசுவதற்கு முன் காற்றாலை எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு தரும் என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பெருக்கல் கணக்குத் தெரிந்தால் போதும்.

தூற்றும் காற்று

களத்தில் நெல் தூற்றுபவருக்குக் காற்றின் மூன்று நிலைகள் தெரியும். காற்று மந்தமாக இருந்தால் பதரும் நெல்லும் ஒன்றாகவே விழும்; தூற்றிப் பயனில்லை. அளவாக வீசினால் பதர் தனியே பிரியும். மிதமிஞ்சி வீசினால் நெல்லும் சேர்ந்து பறந்துவிடும். முறத்தைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

காற்றாலைக்கும் இதே மூன்று நிலைகள் உண்டு. விநாடிக்கு சுமார் 3 மீட்டர், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே காற்று இருந்தால் மின்சாரம் வராது. இறக்கை மெல்லச் சுழல்வதாகத் தெரிந்தாலும் அது வெற்றுச் சுழற்சியே. விநாடிக்கு 10 முதல் 12 மீட்டர் வேகம் வரும்போது காற்றாலை தன் முழுத் திறனை எட்டுகிறது. அதற்கு மேல் வீசும் காற்றை அது பயன்படுத்துவதில்லை. முழுத் திறனிலேயே நின்றுகொள்கிறது. விநாடிக்கு 20 முதல் 25 மீட்டர் வேகத்தை எட்டினால், இறக்கைக்கும் கோபுரத்துக்கும் சேதம் வராமலிருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. புயல் காற்றில் காற்றாலை சும்மா நிற்பதற்குக் காரணம் இதுதான், பழுது அல்ல.

வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு

காற்றாலைக் கணக்கில் எல்லாவற்றுக்கும் மூலமான விதி ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது.

காரணம் எளியது. வேகம் இரட்டித்தால் ஒரு விநாடியில் இறக்கையைக் கடந்து செல்லும் காற்றின் அளவு இரட்டிக்கிறது. அத்துடன், அந்தக் காற்றில் ஒவ்வொரு பங்கும் சுமந்து வரும் சக்தி நான்கு மடங்கு ஆகிறது. இரண்டையும் நான்கையும் பெருக்கினால் எட்டு. வேகம் மூன்று மடங்கானால் சக்தி 27 மடங்கு.

ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் காற்றில் சுமார் 75 வாட் சக்தி இருக்கிறது. 10 மீட்டர் வேகமானால் அதே பரப்பில் சுமார் 600 வாட். ஆகவே "எங்கள் ஊரிலும் நல்ல காற்றுதான்" என்ற பேச்சு கணக்குக்கு உதவாது. பக்கத்து ஊரைவிட வேகம் கால் பங்கு குறைந்தாலே சக்தி பாதிக்கும் கீழே போய்விடும்.

இந்தச் சக்தி முழுவதையும் எந்த இயந்திரமும் பிடித்துக்கொள்ள முடியாது. வாய்க்காலில் ஒரு சக்கரத்தை வைத்துத் தண்ணீரை முழுவதும் நிறுத்திவிட முயன்றால், பின்னால் வரும் தண்ணீர் தேங்கிப் பக்கவாட்டில் வழிந்தோடிவிடும். காற்றும் அப்படியே. இறக்கையைத் தாண்டிய காற்று நகர்ந்து போனால்தான் அடுத்த காற்று உள்ளே வரும். ஆகவே காற்றிலுள்ள சக்தியில் 100-க்கு 59 பங்குக்கு மேல் எடுக்க முடியாது என்று ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1920-இல் கணக்கிட்டு வெளியிட்டார். இன்றைய நல்ல காற்றாலைகள் 40 முதல் 50 பங்கு வரை எடுக்கின்றன. "எங்கள் இயந்திரம் காற்றில் 80 சதவீதத்தை மின்சாரமாக்கும்" என்று யாராவது சொன்னால் அது நடவாத காரியம்.

இறக்கையின் அமைப்பு

இறக்கையைக் காற்று நேராகத் தள்ளிச் சுழற்றுவதாகப் பலர் எண்ணுகின்றனர். இன்றைய காற்றாலை அப்படி ஓடுவதில்லை. இறக்கையின் ஒரு பக்கம் புடைத்தும் மறு பக்கம் தட்டையாகவும் விமானத்தின் சிறகைப் போல அமைந்திருக்கிறது. இரு பக்கமும் காற்று ஓடும்போது அழுத்த வேறுபாடு உண்டாகி இறக்கையை ஒரு பக்கமாக இழுக்கிறது. விமானத்தை மேலே தூக்கும் அதே விசைதான் இங்கே இறக்கையைச் சுழற்றுகிறது. இதனால் இறக்கையின் நுனி காற்றைவிடப் பல மடங்கு வேகமாகச் செல்ல முடிகிறது.

களத்தில் பிணையல் கட்டிப் போரடிக்கும்போது நடுவில் உள்ள மாடு மெல்ல நடக்கும். ஓரத்து மாடு அதே சுற்றை முடிக்க விரைந்து நடக்க வேண்டும். இறக்கையிலும் அடிப்பகுதி மெல்லவும் நுனி விரைவாகவும் செல்கிறது. 120 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை நிமிடத்துக்கு 13 சுற்றுதான் சுற்றுகிறது. பார்ப்பதற்கு மந்தமாகத் தோன்றும். ஆனால் நுனியின் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டருக்கு மேல். இதற்கேற்ப அடிப்பகுதியை அகலமாகவும் சாய்வாகவும், நுனியை ஒடுக்கமாகவும் தட்டையாகவும் முறுக்கி அமைக்கிறார்கள்.

மூன்று இறக்கை ஏன்? இரண்டு இறக்கை இருந்தால் திசை திரும்பும்போது ஆட்டம் அதிகம். நான்காவது இறக்கை சேர்த்தால் செலவு கூடும் அளவுக்கு மின்சாரம் கூடுவதில்லை. ஆகவே மூன்று என்பது நிலைத்துவிட்டது.

உச்சிப் பெட்டிக்குள் நடப்பது

கோபுரத்தின் உச்சியில் பஸ் அளவுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. அதன் மேலுள்ள சிறு கருவிகள் காற்றின் திசையையும் வேகத்தையும் ஓயாமல் அளக்கின்றன. காற்று திசை மாறினால் மோட்டார்கள் பெட்டி முழுவதையும் காற்றை நோக்கித் திருப்புகின்றன. வேகம் மிஞ்சினால் ஒவ்வொரு இறக்கையும் தன் அச்சில் திரும்பிக் காற்றுக்கு விளிம்பைக் காட்டுகிறது. ஜன்னல் கதவைச் சற்றே சாத்தி மழைச் சாரலைக் குறைப்பது போன்றது இது. பழைய காற்றாலைகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. அவற்றின் இறக்கைகள் அசையாதபடி பொருத்தப்பட்டவை.

நிமிடத்துக்கு 13 சுற்று என்ற மந்தமான சுழற்சியை மின்னாக்கி ஏற்காது. நடுவில் கியர் பெட்டி இருந்து அதை 1,000 சுற்றுக்கும் மேலாக உயர்த்துகிறது. கியர் பெட்டி இல்லாமலே, பெரிய விட்டமுள்ள மின்னாக்கியை நேராக இறக்கையோடு இணைக்கும் வகையும் உண்டு.

பெயர்ப்பலகையும் விளைச்சலும்

தமிழ்நாட்டின் முன்னோடிக் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. அங்கு நிறுவியவை 55 கிலோவாட் இயந்திரங்கள். 1990-களில் முப்பந்தல் பகுதியில் 225, 250 கிலோவாட் காற்றாலைகள் பெருகின. இன்று நிறுவப்படுபவை 2,000 முதல் 3,000 கிலோவாட் வரையும் அதற்கு மேலும் உள்ளன.

இந்த மாற்றத்தில் கிலோவாட்டை மட்டும் பார்த்தால் உண்மை புரியாது. 27 மீட்டர் விட்டமுள்ள பழைய 225 கிலோவாட் காற்றாலை ஒன்றையும், 120 மீட்டர் விட்டமுள்ள 2,100 கிலோவாட் காற்றாலை ஒன்றையும் ஒப்பிடலாம். கிலோவாட் கூடியது சுமார் 9 மடங்கு. இறக்கை வீசிச் சுற்றும் பரப்போ சுமார் 570 சதுர மீட்டரிலிருந்து 11,300 சதுர மீட்டராக, ஏறக்குறைய 20 மடங்கு கூடியிருக்கிறது. இது 2 ஏக்கர் 80 சென்ட் பரப்பு.

விநாடிக்கு 6 மீட்டர் என்ற நடுத்தரக் காற்றில் இரண்டும் 40 சதவீதம் எடுப்பதாக வைத்துக்கொண்டால், பழையது சுமார் 30 கிலோவாட் தரும். அதன் பெயர்ப்பலகையில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். புதியது சுமார் 585 கிலோவாட் தரும்; பெயர்ப்பலகையில் கால் பங்குக்கும் அதிகம். அகன்ற மடையில் தண்ணீர் அதிகம் பாய்வது போல, அகன்ற இறக்கை மந்தமான காற்றிலும் அதிகம் திரட்டுகிறது.

உயரமும் உதவுகிறது. தரையோரக் காற்றை மரமும் வீடும் மேடும் தடுக்கின்றன. திறந்த சமவெளியில் 30 மீட்டர் உயரத்திலிருந்து 120 மீட்டர் உயரத்துக்குச் சென்றால் காற்றின் வேகம் ஏறக்குறைய 5-இல் 1 பங்கு கூடும் என்பது பொதுவான கணக்கு. எட்டு மடங்கு விதியின்படி சக்தி 100-க்கு 70-க்கும் மேல் கூடிவிடும்.

பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட்டை ஆண்டின் 8,760 மணி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது, ஓயாமல் முழுக் காற்று வீசினால் வரக்கூடிய மின்சாரம். 2,100 கிலோவாட்டுக்கு அது ஒரு கோடியே 84 லட்சம் யூனிட். உண்மையில் நல்ல இடத்தில் உள்ள புதிய காற்றாலை இதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை தரும். 30 சதவீதம் என்று வைத்தால் 55 லட்சம் யூனிட். பழைய சிறிய காற்றாலைகள் பல ஐந்தில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. அவற்றை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைப்பதற்கும் ஆயுளை நீட்டிப்பதற்குமான கொள்கையைத் தமிழக அரசு 2024-இல் வெளியிட்டது.

சில ஊர்களுக்கு மட்டும் ஏன்?

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி நிற்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களில் மட்டும் வழி கிடைக்க, மடை திறந்த வெள்ளம் போல விரைந்து இந்தப் பக்கம் பாய்கிறது. வைகாசி முதல் புரட்டாசி வரை இந்தக் காற்றுதான் ஆண்டு விளைச்சலின் பெரும்பகுதியைத் தருகிறது. அது ஓய்ந்ததும் காற்றாலைகள் பலவும் ஓய்ந்து நிற்கும்.

காற்றாலைகள் மழை மேகத்தை விரட்டுகின்றன என்ற பேச்சு கிராமங்களில் இருக்கிறது. இன்றைய பெரிய காற்றாலையின் இறக்கை நுனி எட்டுவது சுமார் 200 மீட்டர் உயரம். மழை மேகங்கள் பொதுவாக அதற்கு மிக மேலே திரள்கின்றன. தென்மேற்குக் காற்று தன் ஈரத்தைக் கேரளப் பக்கத்து மலைச் சரிவிலேயே மழையாகக் கொட்டிவிட்டு வறண்ட காற்றாகக் கணவாயைக் கடக்கிறது. மழை குறைந்த, காற்று மிகுந்த இடம் என்பதால்தான் காற்றாலை அங்கே வந்தது. காற்றாலை வந்ததால் மழை குறைந்தது என்பது காரணத்தைத் தலைகீழாக்குவதாகும்.

நீர் இறைக்கும் காற்றாலை

1980-களில் பாசனத்துக்கென்று பல இறக்கைக் காற்றாலைகள் நாட்டில் பரப்பப்பட்டன. மின்சாரம் தரும் காற்றாலைக்கு மூன்று இறக்கை இருக்க, இவற்றுக்குப் பத்துப் பன்னிரண்டும் அதற்கு மேலும் இருப்பதற்குக் காரணம் உண்டு. கிணற்றிலுள்ள பம்பின் தண்டை மேலும் கீழும் இழுக்க, ஆரம்பத்திலேயே வலுவான முறுக்கு வேண்டும், வேகம் வேண்டியதில்லை. இறக்கை அதிகமானால் மெல்லிய காற்றிலும் முறுக்கு கிடைக்கும்.

இதன் விளைச்சலையும் கணக்கிடலாம். 5 மீட்டர் விட்டமுள்ள இறக்கைச் சக்கரம், விநாடிக்கு 4 மீட்டர் காற்றில், 30 அடி ஆழத்திலிருந்து மணிக்கு சுமார் 5,000 லிட்டர் தண்ணீர் இறைக்கும். காற்று 3 மீட்டராகக் குறைந்தால் சுமார் 2,100 லிட்டர்தான். ஆழம் 60 அடியானால் இவை பாதியாகும். 5 குதிரைத்திறன் மோட்டார் 30 அடியிலிருந்து மணிக்கு 70,000 லிட்டர் அளவுக்கு இறைக்கக்கூடியது என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஒரு ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கட்ட ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் தேவை. 4 மீட்டர் காற்று விடாமல் 20 மணி நேரம் வீசினால்தான் இந்தக் காற்றாலை அதைத் தரும். எனவே நெல்லுக்கும் கரும்புக்கும் இதை நம்ப முடியாது. கால்நடைத் தொட்டி, நாற்றங்கால், காய்கறிப் பாத்தி, சொட்டு நீர்ப் பாசனம் ஆகியவற்றுக்கு, மேல்நிலைத் தொட்டியோடு சேர்த்து அமைத்தால் பயன்படும். காற்று ஓய்ந்த நாளுக்கு மாற்று வழி அவசியம். காற்று குறைந்த ஊர்களில் சூரிய சக்திப் பம்புசெட்டே மேல். அதற்கான மானிய விவரத்தை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

'ஒரு கிலோவாட்' காற்றாலை

வீட்டு மாடிக்கும் தோட்டத்துக்கும் விற்கப்படும் சிறு காற்றாலையில்தான் விவசாயிகள் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம். 2 மீட்டர் விட்டமுள்ள ஒன்றை ஒரு கிலோவாட் என்று விற்றால் அது பொய் என்று சொல்லிவிட முடியாது. விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 43 கிலோமீட்டர் காற்றில் அது ஒரு கிலோவாட் தரலாம். ஆனால் வீட்டுக் கூரைக்கும் தென்னை மரங்களுக்கும் இடையே அத்தகைய காற்று எத்தனை நாள் வீசும்?

4 மீட்டர் காற்றில் வேகம் மூன்றில் ஒரு பங்கு. சக்தியோ 27-இல் ஒரு பங்கு. 1,000 வாட் எதிர்பார்த்த இடத்தில் 37 வாட் வரும். இரண்டு மூன்று எல்.இ.டி. பல்புகளுக்குத்தான் காணும். மோட்டார் ஓடாது. ஆகவே வாங்குபவர் "எத்தனை கிலோவாட்?" என்று கேட்பதை விட்டு, "இறக்கையின் விட்டம் எவ்வளவு? எந்த வேகத்தில் இந்தக் கிலோவாட்? 4 மீட்டர் காற்றில் எவ்வளவு? எங்கள் தோட்டத்தில் காற்றை அளந்தீர்களா?" என்று கேட்க வேண்டும். நான்குக்கும் எழுத்தில் பதில் தராதவரிடம் பணம் கட்டக்கூடாது.

நிலம் கேட்டு வந்தால்

முன்னால் உள்ள காற்றாலையைக் கடந்த காற்று வலுவிழந்து குழம்பிச் செல்கிறது. ஆகவே இறக்கை விட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு இடைவெளி விட்டு அடுத்ததை நிறுவுவது முறை. 120 மீட்டர் இறக்கைக்கு இது 600 முதல் 840 மீட்டர். இந்த இடைவெளி முழுவதும் காற்றாலைக்காரருக்குச் சொந்தமாக வேண்டியதில்லை. அங்கே சாகுபடி நடக்கலாம். அடித்தளம், பளு தூக்கும் இயந்திரம் நிற்கும் தளம், பாதை ஆகியவற்றுக்கு ஓரிரண்டு ஏக்கரிலிருந்து மூன்று ஏக்கர் வரை தேவைப்படும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கீழ்க்கண்டவற்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

1. விற்பனையா, குத்தகையா? குத்தகையானால் எத்தனை ஆண்டு, இத்தனை ஆண்டுக்கு ஒரு முறை இவ்வளவு உயர்வு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

2. எடுக்கப்படும் இடம் எந்தப் புல எண்ணில் எத்தனை சென்ட்? மீதி நிலத்துக்கு வண்டியும் டிராக்டரும் போகும் வழி எது?

3. பாதைக்காக மண் மேடிடும்போது ஓடையும் வாய்க்காலும் குளத்துக்கு வரும் நீர்வரத்தும் அடைபடக்கூடாது. எத்தனை இடத்தில் குழாய் பதிப்பார்கள் என்பதை வரைபடத்தில் குறிக்கச் செய்ய வேண்டும்.

4. மின்கம்பி நிலத்தடியில் எவ்வளவு ஆழத்தில் செல்லும்? ஆழ உழவுக்குத் தடையாகுமா?

5. இறக்கையையும் கோபுரத்தையும் கொண்டுவரும்போதும், பின்னர் பழுது பார்க்க வரும்போதும் அழியும் பயிருக்கு நஷ்ட ஈடு யார், எந்தக் கணக்கில் தருவார்?

6. காற்றாலையின் ஆயுள் சுமார் 20 முதல் 25 ஆண்டு. பின்னர் கோபுரத்தையும் கான்கிரீட்டையும் அகற்றி நிலத்தைப் பழையபடி ஒப்படைப்பது யார் பொறுப்பு? பெரிய காற்றாலையாக மாற்ற விரும்பினால் புது ஒப்பந்தம் உண்டா?

7. வீட்டுக்கு அருகே என்றால், சுழலும் இறக்கையின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கே விழும், இரவில் சத்தம் எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும்.

ஒரு நிலம் காற்றாலைக்கு ஏற்றதா என்பதைக் குறைந்தது ஓராண்டு கருவி வைத்து அளந்தே முடிவு செய்கிறார்கள். சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாடு முழுவதற்குமான காற்று வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. தம் வட்டாரம் அந்த வரைபடத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று விவசாயிகள் பார்த்துக்கொள்ளலாம். காற்று வளமான நிலம் என்று தெரிந்தால், அதை மானாவாரிக் கரிசலின் விலைக்குக் கொடுத்துவிடாமல் அதற்குரிய விலையைக் கேட்கலாம். காற்றில்லாத நிலம் என்று தெரிந்தால், காற்றாலை வாங்க எடுத்து வைத்த பணத்தைக் கிணற்றுக்கோ சொட்டு நீர்க் குழாய்க்கோ செலவிடலாம்.